மெட்ராஸில் கப்பல் ஏறுவது எப்படி? (1860)

[காட்சி: கடற்கரை, அலைச் சத்தம்]

இந்த அலையைக் கொஞ்சம் பாருங்கள். 1860இல் ரங்கூனோ தென்னாப்பிரிக்காவின் நேட்டாலோ, எங்கே போவதானாலும் முதலில் இதைத் தாண்டியாக வேண்டும். மெட்ராஸுக்கு ரயில்கூட 1856லேயே வந்துவிட்டது. துறைமுகம் மட்டும் கிடையாது!

கப்பல் கரைக்கு வராது. ஆழமான இடத்தில் நங்கூரம் போட்டுக் காத்திருக்கும். நடுவே வரிசை வரிசையாகப் புரளும் அலை. வெள்ளைக்காரர்களின் ஆணியடித்த படகு இதில் இறங்கினால் பலகை பிளந்துவிடும்.

[காட்சி: மசூலா படகின் வரைபடம்]

அதனால் எல்லோரும் நம்பியது மசூலா படகைத்தான். சலங்கு என்றும் சொல்வார்கள். சுமார் 30 அடி நீளம், ஆனால் ஓர் ஆணிகூட இல்லை. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து, இடுக்கில் வைக்கோலைத் திணித்திருப்பார்கள். உள்ளே விலாச்சட்டமும் கிடையாது. அலை அறைந்தால் படகு நெளிந்து கொடுக்கும், உடையாது. தண்ணீர் கசியாதா? நன்றாகவே கசியும். இறைத்துக் கொட்டவே ஓர் ஆள் இருப்பார்.

பின்பக்கம் நீளத் துடுப்போடு நிற்பவர் தண்டல். பெரிய அலைகள் ஓயும் நேரம் பார்த்து அவர் குரல் கொடுத்ததும் மற்றவர்கள் இழுப்பார்கள். படகின் மூக்கு அலைக்கு நேராக இருக்க வேண்டும். பக்கவாட்டில் திரும்பினால் கவிழ்ந்துவிடும். விழுந்தவர்களைத் தூக்கக் கட்டுமரக்காரர்கள் அருகிலேயே மிதப்பார்கள். கப்பலுக்குக் கடிதம் கொண்டுபோவதும் இவர்கள்தான். ஓலைத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டால் நனையாதாம். நல்ல யோசனை!

அப்புறம் கரையிலிருந்து கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம் ஒன்று போட்டார்கள், அதையும் புயல் விடவில்லை. அதன் பிறகு கட்டிய துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்களை 1881 புயல் உடைத்துப் போட்டது. மசூலாக்காரர்களுக்கு வேலை குறையவே இல்லை.

[காட்சி: பாய்மரக் கப்பல்]

சரி, 1860 அக்டோபருக்கு வருவோம். நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக 342 பேரை ஏற்றிக்கொண்டு 'ட்ரூரோ' என்ற கப்பல் மெட்ராஸிலிருந்து புறப்பட்டது. நவம்பர் 16இல் நேட்டாலின் துறைமுகமான டர்பன். ஒரு மாதத்துக்கு மேல் கடல். அவர்களுக்கும் முதல் சோதனை இந்தக் கரையலைதான்.

நேட்டாலுக்குப் போன கப்பல்களின் ஆள் பட்டியல்கள் இன்றும் இருக்கின்றன. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உடம்பில் உள்ள தழும்பு வரை எழுதியிருக்கிறார்கள். உங்கள் வீட்டில் "தாத்தாவின் தாத்தா நேட்டாலுக்குப் போனார்" என்று பேச்சு இருந்தால், ஊர்ப் பெயரை வைத்துத் தேட ஆரம்பியுங்கள். ஆனால் எழுதியவர் காதில் விழுந்தபடிதான் எழுதியிருப்பார். நம்ம ஊர்ப் பெயர் என்ன ஆகியிருக்கும் என்று கொஞ்சம் கற்பனை செய்துகொள்ளுங்கள்.