கரும்பு தின்னக் கூலியா?
(பொங்கல் விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

சங்கத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, ஹூஸ்டனிலிருந்து ஐந்து மணி நேரம் காரோட்டி வந்து விழாவைச் சிறப்பித்திருக்கும் விருந்தினர் அவர்களே, விடிந்ததிலிருந்து அடுப்படியில் நிற்கும் தாய்மார்களே, வணக்கம். கரும்புக் கட்டுகளை மேடைவரை சுமந்து வந்த பிள்ளைகளுக்கும், அவற்றைத் தேடிப்பிடித்து வாங்கிய பொருளாளர் ஐயாவுக்கும் தனி நன்றி.

கரும்பு தின்னக் கூலியா என்பார்கள் நம் ஊரில். இந்த மிசிசிப்பிக் கரையில் கரும்பை நட்டு, வெட்டி, காய்ச்சியவர்களுக்குக் கூலியே கிடையாது. இரண்டு செய்தி சொல்ல வந்தேன்: லூசியானாவின் விட்னி கரும்புத் தோட்டம் யார் யார் கைமாறியது, சர்க்கரை எப்படிக் காய்ச்சினார்கள்.

நியூ ஆர்லியன்ஸிலிருந்து ஒரு மணி நேரத்தில் வாலஸ், விட்னி தோட்டம் இருக்கும் ஊர். ஜெர்மனியிலிருந்து வந்த அம்புரோஸ் ஹைடல் 1752-இல் அங்கே நிலம் வாங்கினார். முதலில் நீலச் சாயம் எடுக்கும் அவுரி, மகன் ழான் ஜாக் காலத்தில் கரும்பு. பிறகு குடும்பத்து விதவை மரி அசெலி கைக்கு வந்தது. 1860-இல் அவர் இறந்தபோது தோட்டத்தில் அடிமைகள் 101 பேர். உள்நாட்டுப் போர் முடிந்து 1867-இல் வாங்கிய பிராடிஷ் ஜான்சன், பேரனின் குடும்பப் பெயரை வைத்தார், அதுதான் விட்னி. 1990 வாக்கில் ஃபார்மோசா நிறுவனம் ரேயான் ஆலை கட்ட வாங்கியது. எதிர்ப்பு கிளம்பியது, ஆலை வரவில்லை. கடைசியில் ஜான் கம்மிங்ஸ் என்ற வழக்கறிஞர் வாங்கி, சொந்தப் பணத்தைக் கொட்டி, 2014 டிசம்பரில் அருங்காட்சியகமாகத் திறந்தார். ஆய்வுப் பொறுப்பை ஏற்றவர் செனகல் அறிஞர் இப்ராஹிமா செக்.

போன தையில் என் மாமியாரை அங்கே கூட்டிப்போனேன். கவுந்தப்பாடிப் பக்கம் பிறந்தவர், வெல்லம் காய்ச்சும் வீடு. புல்வெளியில் கிடந்த இரும்புக் கொப்பரையைக் கண்டதும் நின்றுவிட்டார். "ஏங்கண்ணு, இது நம்மூருக் கொப்பரை மாதிரியே இருக்குதே" என்று விளிம்பைத் தடவினார். "பாகு தெறிச்சாத் தோலோட வரும். எங்கப்பன் கையெல்லாம் தழும்பு."

பெரியதிலிருந்து சிறியதுவரை கொப்பரைகளை வரிசையாக அடுப்பேற்றி, நீளக் கரண்டியால் சாற்றை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு அள்ளி ஊற்ற வேண்டும். வெட்டிய கரும்பு கிடந்தால் கெட்டுவிடும், உறைபனி விழுந்தால் வயலே போய்விடும். அதனால் அக்டோபரில் ஆலை ஓடத் தொடங்கினால் இரவும் பகலும் வேலை. அத்தை கேட்டார்: "காய்ச்சுனவங்களுக்கு என்ன கூலி?"

வாயால் சொல்ல வரவில்லை. அங்கே அடிமைகளாக இருந்தவர்களின் பெயர்கள் செதுக்கிய கருங்கல் சுவருக்கு அழைத்துப்போனேன். 350-க்கும் மேற்பட்ட பெயர்கள். அத்தைக்கு ஆங்கிலம் தெரியாது. செருப்பைக் கழற்றிவிட்டு, "ஒவ்வொண்ணாப் படி கண்ணு" என்றார். படித்தேன். மேரி, ழாக், பியர்... அவரும் திருப்பிச் சொல்லிக்கொண்டே வந்தார். சொத்துப் பட்டியலில் விலையோடு எழுதப்பட்டிருந்த பெயர்கள் அவை. கரும்பு தின்னக் கூலியா என்று அன்றிலிருந்து என்னால் சிரித்துக்கொண்டு சொல்ல முடிந்ததில்லை.

பெரியோர்களே, இதே ஆற்றுச் சாலையில் பல தோட்ட மாளிகைகளைக் கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுகிறார்கள். நம் வீடுகளுக்கும் அந்த விலாசத்தோடு பத்திரிகை வருகிறது. வெள்ளைத் தூணும் ஓக் மர நிழலும் படத்துக்கு அழகுதான். ஆனால் அந்த மண்ணில் நாம் தாலி கட்ட வேண்டாம். கைகூப்பிக் கேட்கிறேன்.

நம் பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னால், 1811 ஜனவரி 8 அன்று, அக்கரையில் லாப்லாஸில் ஆண்ட்ரி தோட்டத்திலிருந்து அடிமைகள் கிளர்ந்தெழுந்து, சார்ல்ஸ் டெஸ்லோண்ட் தலைமையில் நியூ ஆர்லியன்ஸை நோக்கி நடந்தார்கள். தோட்ட முதலாளிகளின் படை சில நாளில் அவர்களை அடக்கி, தலைகளை வெட்டி ஆற்றங்கரைக் கம்பங்களில் நட்டது. அந்த ஆண்ட்ரி தோட்டத்து வீட்டை 2024-இல் வாங்கியது, அடிமைகளின் வழிவந்த ஜாய், ஜோ பானர் என்ற இரட்டைச் சகோதரிகளின் அமைப்பு.

மார்ச்சில் ஒரு சனிக்கிழமை விட்னிக்கு வேன் போகிறது. பிள்ளைகளோடு வாருங்கள். வாசலில் தம்பி நோட்டோடு நிற்கிறார். சாப்பிடப் போகும்முன் பெயர் கொடுத்துவிடுங்கள்.