வாசல் நடைபாதையில் ஒரு வில்லங்கம்

நேயர்களுக்கு வணக்கம். நியூயார்க் நகரத்தில் சொந்த வீடு வைத்திருக்கும் நம் ஆட்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் ஒரு விஷயத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். வீட்டு வாசலில் இருக்கும் நடைபாதைதான் அது.

ஊரில் வாசல்படி வரைக்கும்தான் நமது, அதற்கு அப்பால் மாநகராட்சி. அந்தப் பழக்கத்தோடுதான் நாங்களும் குவீன்ஸில் வீடு வாங்கினோம். இங்கே அப்படி இல்லை. வீட்டை ஒட்டிய நடைபாதையை வீட்டுக்காரர்தான் செப்பனிட்டுப் பராமரிக்க வேண்டும் என்று நகர நிர்வாகச் சட்டத்தின் 19-152 ஆம் பிரிவு சொல்கிறது. பத்திரம் முடிக்கும்போது எத்தனையோ கையெழுத்துப் போட்டோம், இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

நடைபாதை ஏன் பெயர்கிறது? பனி உருகி ஓடும் தண்ணீர் கான்கிரீட் பலகைகளுக்கு நடுவே இறங்குகிறது. இரவில் உறையும்போது அது விரிந்து பலகையை மேலே தள்ளுகிறது. பத்துப் பதினைந்து குளிர்காலம் இப்படியே போனால் ஒரு பலகை தூக்கிக்கொள்ளும், பக்கத்துப் பலகை இறங்கிவிடும். அடுத்தடுத்த இரண்டு பலகைகளுக்கு நடுவே அரை அங்குலம் ஏற்ற இறக்கம் இருந்தாலே நகரத்தின் கணக்கில் அது குறைபாடு, சரிசெய்யச் சொல்லி வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் வரும். அரை அங்குலம் என்றால் சுண்டுவிரலைப் படுக்க வைத்த உயரம், அவ்வளவுதான். இதற்கெல்லாமா நோட்டீஸ் என்று தோன்றும்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது, என் மாமியார் விழும்வரை. ஆறு மாதம் தங்கிப்போக வந்திருந்தார். சாயங்காலம் புடவையோடு, ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு தெருமுனை வரை நடந்துவிட்டு வருவார். எங்கள் வாசலிலேயே அந்த விளிம்பில் செருப்பின் நுனி மாட்டி, கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு வீங்கி மூன்று வாரம் ஒரே கையால்தான் எல்லா வேலையும் செய்தார். வயதானவர்கள் காலைத் தூக்கி வைத்து நடப்பதில்லை, தேய்த்துத்தான் நடக்கிறார்கள். அவர்களுக்கு அரை அங்குலம் ஒரு படிக்கட்டு. தினமும் அதைத் தாண்டிப் போன எனக்கு அது கண்ணில் படவே இல்லை என்பது இன்றைக்கும் மனதை உறுத்துகிறது.

விழுந்தவர் வெளியாள் என்றால்? 2003 செப்டம்பர் 14 முதல் அமலில் இருக்கும் 7-210 ஆம் பிரிவின்படி, நடைபாதையில் ஒருவர் அடிபட்டால் நஷ்டஈட்டுப் பொறுப்பு நகரத்துக்கு இல்லை, சொத்துக்காரருக்குத்தான். ஒன்று முதல் மூன்று குடும்பங்கள் வரை வசிக்கும் வீடு, அதில் உரிமையாளரும் குடியிருக்கிறார், முழுக்கக் குடியிருப்பாகவே இருக்கிறது என்றால் மட்டும் விலக்கு. இங்கேதான் நம் ஆட்கள் ஏமாந்துபோகிறார்கள். நீங்கள் வேறு இடத்துக்குக் குடிபோய் வீட்டை முழுவதும் வாடகைக்கு விட்டால் அந்த விலக்கு போய்விடும். இன்னொன்று, விலக்கு நஷ்டஈட்டுக்குத்தான். பழுதுபார்க்கும் கடமைக்கு விலக்கு கிடையாது.

சரி, நோட்டீஸ் வந்துவிட்டது. என்ன செய்வது? முதலில் பதற வேண்டாம். இது அபராதச் சீட்டு இல்லை, இதற்கென்று தண்டம் எதுவும் கிடையாது. கூடவே ஒரு ஆய்வு அறிக்கை இருக்கும். அதில் உங்கள் நடைபாதையைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வரைந்து, எந்தப் பலகையில் என்ன குறை என்று குறித்திருப்பார்கள். அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் போய் நின்று, பலகை பலகையாக எண்ணிப் பாருங்கள். ஒத்துவரவில்லை என்றால் நகரத்தின் உதவி எண்ணான 311க்குக் கூப்பிட்டு மறுஆய்வு கேட்கலாம், வேறொரு ஆய்வாளர் வந்து பார்ப்பார். ஆங்கிலத்தில் பேசத் தயக்கமா? அந்த எண்ணில் 175க்கும் மேற்பட்ட மொழிகளில் உதவி உண்டு. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள்.

வாசலில் நகரத்து மரம் இருந்தால், அதன் வேர்தான் தூக்கியிருக்கிறதா என்று பாருங்கள். 2019 முதல், ஒன்று முதல் மூன்று குடும்ப வீடுகளில் நகரத்து மரத்தால் மட்டுமே வந்த சேதத்துக்கு வீட்டின் மேல் கடன் பிடி (lien) வைப்பதை நகரம் நிறுத்திவிட்டது. பூங்காத் துறையே அதைச் சரிசெய்யும் ஒரு திட்டமும் உண்டு. ஆள் வைத்து வேரை வெட்டிவிடாதீர்கள். அனுமதியில்லாமல் வெட்டினால் தனிக் குற்றம், மரமும் ஒருநாள் சாய்ந்துவிடும்.

மற்ற பழுது என்றால் 75 நாள் அவகாசம். அதற்குள் நீங்கள் செய்யாவிட்டால் நகரம் தன் ஒப்பந்தக்காரரை வைத்துச் செய்யலாம், பில் உங்களுக்கு வரும். நீங்களே ஆள் பிடித்தால் மூன்று நான்கு பேரிடம் எஸ்டிமேட் வாங்குங்கள், அவர்கள் முன்பு வேலை செய்த வாசல்களைப் போய்ப் பாருங்கள். போக்குவரத்துத் துறையின் பர்மிட் இல்லாமல் கடப்பாரையைத் தொட விடாதீர்கள். விரிசலுக்கு மேல் சிமெண்ட் பூசி மெழுகும் வேலையை நகரம் ஏற்காது, பழுதான பலகையை முழுதாகப் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். சாதாரண இடத்தில் கான்கிரீட் 4 அங்குலக் கனம், கார் ஏறும் இடத்தில் 7 அங்குலம்.

இந்த 7 அங்குலத்தில்தான் நாங்கள் கோட்டை விட்டோம். எங்களுக்கு வேலை செய்தவர் எல்லா இடத்துக்கும் ஒரே கனமாக ஊற்றிவிட்டுப் போய்விட்டார். ஒரே குளிர்காலத்தில் கார் ஏறும் இடம் குறுக்கே விண்டுவிட்டது. திரும்பவும் செலவு. இரண்டாவது முறை கலவை ஊற்றும் முன் நானே டேப்பை எடுத்துக்கொண்டு போய்ப் பலகைச் சட்டத்தின் ஆழத்தை நாலு இடத்தில் அளந்தேன். கொத்தனார் சிரித்தார். பரவாயில்லை, அளந்துவிட்டுத்தான் நகர்ந்தேன்.

அப்புறம், எல்லோரும் மறந்துபோகும் ஒன்று. நோட்டீஸின் ஒரு பிரதி கவுண்டி கிளார்க் (மாவட்டப் பதிவாளர்) அலுவலகத்தில் உங்கள் சொத்தின் பேரில் பதிவாகிறது. நம் ஊர் வழக்கில் சொன்னால் அது ஒரு வில்லங்கம். நடைபாதையைப் பளபளவென்று போட்டாலும் அந்தப் பதிவு தானாக நீங்காது. வேலை முடிந்ததும் 311க்குக் கூப்பிட்டு, நோட்டீஸை நீக்குவதற்கான ஆய்வு வேண்டும் என்று கேட்க வேண்டும். ஆய்வாளர் வந்து பார்த்து, வேலை சரி என்று நகரம் கிளார்க்குக்குத் தெரிவித்த பிறகுதான் பதிவு நீங்கும். எங்களுக்கு இது தெரியாது. இரண்டு வருடம் கழித்து வீட்டுக் கடனை மாற்றப் போனபோது, எப்போதோ சரிசெய்த நடைபாதை கடன் கொடுப்பவர் தேடிப் பார்த்த சொத்துப் பதிவில் பழுதாகவே நின்றது. கடன் மாற்றும் வேலையை நிறுத்திவைத்துவிட்டு ஆய்வு கேட்டு, காத்திருந்து, நீக்கினோம். பதிவு நீங்கியதைச் சொல்லும் கடிதம் இப்போது வீட்டுப் பத்திரத்தோடு அதே உறையில் இருக்கிறது.

உங்கள் வீட்டில் பழைய நோட்டீஸ் ஏதாவது மேசை இழுப்பறையில் கிடந்தால், நாளைக்கே 311க்கு ஒரு போன் போட்டு அது நீங்கியிருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். நன்றி, வணக்கம்.