முகம் தெரியாத இருவர்

நடுவர் ஐயா, சுங்கை சிப்பூட் மக்களே, வணக்கம்.

பாட்டாளி படும் கஷ்டத்தைச் சொல்ல வல்லது எழுத்தா, ஓவியமா? ஓவியமே என்கிறோம். எதிரணி அண்ணன் என்ன கேட்டார்? “பிரெஞ்சு ஓவியர் குர்பேயின் ‘கல் உடைப்போர்’ படத்தில் ஒருத்தனுக்கும் முகமில்லை, எல்லாம் ஒரே இருட்டு. முகம் வரையத் தெரியாதவர் ஓவியரா?” நீங்களும் கைதட்டினீர்கள்!

1849. பிரான்சின் ஓர்னான் ஊர்க்காரர் குஸ்தாவ் குர்பே வண்டியில் போகிறார். சாலையோரம் இருவர் கல் உடைக்கிறார்கள். வண்டி நிற்கிறது. யாருக்காக? துரைக்கா? பாதிரியாருக்கா? கல் உடைக்கிறவனுக்கு! கடைசி வரிசைப் பாட்டிக்கும் கேட்கட்டும்: கல் உடைக்கிறவனுக்காக வண்டி நின்றது! “நாளைக்கு என் பட்டறைக்கு வாங்க” என்றார். வந்தார்கள். எழுபது வயதுக் கிழவர், முழங்காலை ஊன்றிச் சுத்தியலை ஓங்குகிறார். வைக்கோல் தொப்பியின் நிழல் முகத்தை விழுங்கிவிட்டது. பையன் கிழிந்த சட்டையோடு கல் கூடையைத் தூக்குகிறான், முதுகுதான் தெரிகிறது. ராஜாக்களுக்கு ஒதுக்கிய அளவில், 165க்கு 257 சென்டிமீட்டர் துணியில், இவர்களை நிறுத்தினார்.

முகம் எங்கே என்கிறீர்களா அண்ணே? நம் ரப்பர் தோட்டத்தில், விடியற்காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும்போது, தோட்டக் குமாஸ்தா கிராணி யார் முகத்தைப் பார்த்தார்? பேரைக் கூப்பிட்டார், பால் வெட்ட மர நிரையைக் கொடுத்தார், பாலை எடைபோட்டார். முகத்தை யார் கேட்டது? குர்பே அதைத்தான் வரைந்தார்!

இருட்டா? அவர் முதலில் துணி முழுக்கக் கரும்பூச்சு அடிப்பார். நிழலில் தொடங்கி, வெளிச்சத்தைக் கடைசியில்தான் வைப்பார்; பல படங்களில் தூரிகையை விட்டுக் கத்தியால் சாயத்தை அப்புவார். எண்ணெய்ச் சாயம் வருஷம் போகப்போகக் கண்ணாடி மாதிரி ஆகும், அடிக்கருப்பு மேலே தெரியும். அவர் படங்கள் பல கறுத்தது அதனால்தான். ஆனால் அண்ணன் பார்த்தது அசலே இல்லை! அசல் 1945இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரப் பக்கம் குண்டுவீச்சில் எரிந்துபோனது. போட்டோவைப் பார்த்துப் பேசுகிறார்!

அந்த மனுஷன் முடிவைக் கேளுங்கள். 1871இல் பாரிஸ் கம்யூனில், பாரிஸ் மக்கள் கிளர்ந்தெழுந்து அமைத்த ஆட்சியில், சேர்ந்தார். நெப்போலியனின் வெற்றிச் சின்னமான வாந்தோம் தூணைக் கம்யூன் சாய்த்தது, பழி அவர்மேல். ஆறு மாதச் சிறை. பிறகு தூணை மறுபடி கட்டிய செலவு, 323,091 ஃபிராங்க், அவர் தலையில்! வருஷத்துக்குப் பத்தாயிரமாக முப்பத்து மூன்று வருஷத் தவணை. (ஓவியத்துக்கும் தூணுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள், நேரமில்லை.) இந்தத் தொகை முடிவாகும் முன்பே சுவிட்சர்லாந்துக்கு ஓடியிருந்தார். முதல் தவணை 1878 ஜனவரி 1. அவர் கண்மூடியது 1877 டிசம்பர் 31. சொந்த மண்ணுக்குத் திரும்பாமல், கடனோடு… அம்மா, அழாதீங்க. நம் தோட்டத்து லய வீடுகளிலும் அப்படிப் போனவர்கள் இல்லையா?

மணி அடிச்சிட்டீங்களா ஐயா? அண்ணனுக்கு ரெண்டு நிமிஷம் கூடக் கொடுத்தீங்களே!