ஆடு வந்தால் நானும் வருகிறேன்

நேயர்களுக்கு வணக்கம். ஐப்பசி பிறந்துவிட்டால் நாகப்பட்டினம் கரையோரத்தில் எந்த வீட்டுத் திண்ணையில் அமர்ந்தாலும் பேச்சு காற்றின் பக்கமே திரும்பும். வருவாய்த் துறையில் என் பணிக்காலத்தின் பெரும்பகுதியை இந்தக் கரையிலேயே கழித்தவன் நான். புயல் நெருங்கும்போது வீட்டைவிட்டுப் புறப்படுவதா வேண்டாமா என்று ஒரு குடும்பம் தவிக்கின்ற அந்தச் சில மணி நேரத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. புயல் எப்படி உருவாகிறது என்பதை வானிலை அறிஞர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். தண்டோரா போட்டு, ஒலிபெருக்கியில் அறிவித்து, வாசலில் வேனைக் கொண்டுவந்து நிறுத்திய பிறகும் அடுப்பை அணைக்காமல் உள்ளே இருக்கிறார்களே, அவர்களைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது.

நான் வருவாய் ஆய்வாளராக இருந்தபோது ஒரு கார்த்திகை மாதத்து மாலையில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். கடலுக்கும் உப்பனாற்றுக்கும் இடையில் நூறு குடிசைகள் கொண்ட ஒரு மீனவர் குப்பம் அது. எல்லோரையும் அழைத்துவரும்படி எனக்கு உத்தரவு. முதல் வீட்டில் ஒரு மூதாட்டி கருவாட்டுக் கூடைகளை உள்ளே எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் நான் காற்றின் வேகத்தைச் சொன்னேன், அலையின் உயரத்தைச் சொன்னேன், போதாக்குறைக்கு 1977 நவம்பர் 12-ஆம் தேதி நாகையைத் தாக்கிய புயலையும் நினைவூட்டினேன். அவர் கூடையைக் கீழே வைத்துவிட்டு, "தம்பி, அந்தப் புயலை நீ படிச்சிருப்ப, நான் அதுல நனைஞ்சவ" என்றார். அதற்கு மேல் நான் என்ன பேசுவது? சற்று நேரம் கழித்து அவரே சொன்னார்: "எனக்குப் பதினோரு ஆடு இருக்கு. ஆடு வந்தா நானும் வாரேன்."

முகாமாக ஒதுக்கப்பட்டிருந்த பள்ளியில் ஆடுகளை அனுமதிக்க மறுத்தார்கள். வகுப்பறையை யார் கழுவுவது என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியிலும் நியாயம் இருந்தது. ஒரு மணி நேரம் வாதாடி, பின்புறத்தில் இருந்த சைக்கிள் கொட்டகையைத் திறக்கச் செய்தேன். அரசுப் பணியில் நான் பெற்ற வெற்றிகளில் அதைச் சிறியது என்று சொல்லமாட்டேன். மூதாட்டி ஆடுகளை ஓட்டிக்கொண்டு கரைமேட்டில் ஏறியதைப் பார்த்ததும், அதுவரை கதவருகே நின்று வேடிக்கை பார்த்தவர்கள் ஒவ்வொருவராக மூட்டை கட்டத் தொடங்கினார்கள். ஒருவர் கோழிக் கூடையுடன் வந்தார். ஒருவர் தையல் இயந்திரத்தைத் தலையில் சுமந்து வந்தார். என் ஒலிபெருக்கியால் ஆகாததைப் பதினோரு ஆடுகள் செய்தன. அந்த ஆடுகள்தாம் அவருடைய சேமிப்பு, அவசரத்துக்கு விற்கக்கூடிய நகை, பேத்தியின் கல்யாணச் செலவு எல்லாமே. அவற்றை விட்டுவிட்டு உயிரைக் காப்பாற்றிக்கொள் என்று நான் சொன்னபோது, உயிரோடு இருந்து பிறகு எதை வைத்துப் பிழைப்பது என்ற கேள்விக்கு என்னிடம் விடை இருக்கவில்லை. நாங்களோ அதுவரை இப்படிப்பட்டவர்களைப் பற்றிக் கோப்பில் ஒரே ஒரு சொல்தான் எழுதிவந்தோம்: பிடிவாதம். நானும் எழுதியிருக்கிறேன்.

இனி நான் எங்கே போனாலும் சொல்லி, வீட்டாரின் பொறுமையையும் சோதித்துவிட்ட ஒரு விஷயத்துக்கு வருகிறேன். அது துறைமுகத்தின் புயல் எச்சரிக்கைக் கூண்டு. பகலில் கூம்பும் உருளையுமாகக் கம்பத்தில் ஏற்றுவார்கள், இரவில் விளக்குகள். வானொலியில் எட்டாம் எண் கூண்டு என்று அறிவித்தால் அஞ்சுகிறோம், ஒன்பது என்றால் இன்னும் அஞ்சுகிறோம், பத்து என்றால் கதை முடிந்தது என்று நினைக்கிறோம். தேர்வு மதிப்பெண்ணைப் போல எண் ஏற ஏறப் புயலும் வலுக்கிறது என்பது நம் எண்ணம். உண்மையில் எட்டு, ஒன்பது, பத்து ஆகிய மூன்றும் சொல்வது ஒரே அளவு பெரும் அபாயத்தைத்தான். புயல் செல்லும் பாதைக்குத் துறைமுகம் இடப்புறத்தில் அமைந்தால் எட்டு. வலப்புறத்தில் அமைந்தால் ஒன்பது. துறைமுகத்தின் மீதோ அதற்கு மிக அருகிலோ புயல் கடந்தால் பத்து. சற்றே குறைந்த வலுவுள்ள புயலுக்கு ஐந்து, ஆறு, ஏழு என்று இதே வரிசை. பதினொன்று என்பது அதைவிடப் பெரிய புயலைக் குறிப்பதன்று. வானிலை எச்சரிக்கை மையத்துடன் செய்தித் தொடர்பு அற்றுப்போய்விட்டது என்று அதற்குப் பொருள். மீண்டும் சொல்கிறேன்: எட்டுக்கும் ஒன்பதுக்கும் உள்ள வேறுபாடு திசையில் இருக்கிறது, வலுவில் இல்லை. கப்பலோட்டிகளுக்காக ஏற்பட்ட மொழி இது. 1864-ஆம் ஆண்டுப் புயலில் கல்கத்தா பெருஞ்சேதம் அடைந்த பிறகு, 1865-இல் அந்தத் துறைமுகத்துக்கென்று தொடங்கிய எச்சரிக்கை முறையின் வழிவந்தது. கப்பல் தலைவனுக்கு அது போதும். குப்பத்தில் இருப்பவருக்குப் போதாது. எட்டாம் எண் தானே, பத்து வரட்டும் பார்க்கலாம் என்று வீட்டில் இருந்துவிட்டவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

அந்தத் திசை நமக்கு ஏன் முக்கியம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதற்குப் படம் வேண்டாம், உங்கள் உடம்பே போதும். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்துக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். புயலின் மையம் ஏறத்தாழ உங்கள் இடது கைப்பக்கம் இருக்கும். நம் கரையில், கடல் கிழக்கே இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், நிலத்திலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும்போது புயல் நமக்கு வடக்கே இருக்கிறது. கொண்டல் காற்று கடலிலிருந்து அறைந்தால் புயல் தெற்கே இருக்கிறது. இரண்டாவதுதான் கடல்நீரை ஊருக்குள் தள்ளும் நிலை. அதாவது புயல் கரை கடக்கும் இடத்துக்கு வடக்கே உள்ள ஊர்களுக்கே கடல் ஏறும் அச்சம் அதிகம். வாடைக்காற்று திசை மாறாமல் மணிக்கு மணி வலுத்துக்கொண்டே போனால் புயல் நேரே நம்மை நோக்கி வருகிறது என்று கொள்ளலாம். கோடியக்கரையில் கரை மேற்காகத் திரும்பிவிடுவதால், அங்கிருந்து முத்துப்பேட்டை வரை உள்ளவர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர்களுக்குக் கடல் தெற்கே இருக்கிறது. இன்னொன்றையும் மறக்க வேண்டாம்: கணக்குப் போட்டுவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுவதற்காக இதைச் சொல்லவில்லை, புயல் கடைசி நேரத்திலும் வழியை மாற்றிக்கொள்ளும்.

"போன தடவை ஓடினோம், ஒன்றும் வரவில்லையே" என்பதுதான் நான் அதிகம் கேட்ட மறுமொழி. 2016 டிசம்பரில் நாடா என்ற புயல் நம் பக்கம் வருவதாக அறிவிக்கப்பட்டு, பள்ளிகளுக்கு விடுமுறை விட்டு, எல்லோரும் காத்திருக்க, அது வலுவிழந்து காரைக்கால் அருகே வெறும் தாழ்வு மண்டலமாகக் கரை கடந்தது. இரண்டே ஆண்டுகள் கழித்து, 2018 நவம்பரில், கஜா என்ற பெயர் அறிவிக்கப்பட்டபோது பல திண்ணைகளில் நாடாவின் கதை நகைச்சுவையாகப் பேசப்பட்டது. போதாதற்குக் கஜா முதலில் வடக்கே போவதுபோல் போக்குக் காட்டி, பிறகு தெற்கே இறங்கி, நேரத்தையும் தள்ளிப்போட்டது. நவம்பர் 15 பகல் முழுதும் பெரிதாக ஒன்றும் இல்லை. அன்று நள்ளிரவுக்குப் பிறகு நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. முகாம்களுக்கு முன்கூட்டியே எண்பதாயிரம் பேர் வரை அழைத்துவரப்பட்டிருந்தார்கள். அப்படியிருந்தும் உயிர்ச்சேதம் நேர்ந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தலைமுறைத் தென்னந்தோப்புகள் ஒரே இரவில் சாய்ந்ததைப் பார்த்தவர்கள் அதன்பின் நாடாவைப் பற்றிச் சிரிக்கவில்லை.

ஆகவே, வராத புயலுக்கு ஓடிய ஓட்டம் வீண் என்ற கணக்கை நான் ஏற்பதில்லை. ஒடிசாவைப் பாருங்கள். 1999 அக்டோபர் பெரும்புயலில் அங்கே ஏறத்தாழ பத்தாயிரம் பேர் மாண்டார்கள். 2013-இல் பைலின் வந்தபோது சுமார் பத்து லட்சம் பேரை முன்னதாகவே இடம் மாற்றினார்கள். இறந்தவர்களின் எண்ணிக்கை சில பத்துகளுக்குள் நின்றது. இடையில் கட்டிய பாதுகாப்பு மையங்களும், ஊருக்கு ஊர் பயிற்சி பெற்ற இளைஞர்களும், அழைத்தால் போகலாம் என்ற நம்பிக்கையும் சேர்ந்தே அதைச் செய்தன. அந்த நம்பிக்கை எப்படி வருகிறது என்பதற்கு மூதாட்டியிடமே திரும்பப் போகிறேன். அன்றிரவு புயல் எங்கோ விலகிப் போனது. எங்களுக்குக் கிடைத்தது வெறும் மழை. காலையில் அவர் பதினொன்றையும் எண்ணிப் பார்த்துவிட்டு, ஊரார் முன்னால் என்னை நன்றாகத் திட்டித் தீர்த்தார். மறு ஆண்டு எச்சரிக்கை வந்தபோது, எங்கள் ஜீப் குப்பத்தை அடையும் முன்பே அவர் சைக்கிள் கொட்டகையில் இடம் பிடித்திருந்தார்.

ஆடுகளைப் போலவே வேறு கட்டுகளும் உண்டு. ஆண்களுக்குப் படகும் வலையும். ஃபைபர் படகைக் கரைமேட்டுக்கு இழுத்து, இயந்திரத்தைக் கழற்றி, வலையை ஏலக்கூடத்துக்கு ஏற்றுவதற்கு டிராக்டரும் பத்துப் பேரும் முதல் நாளே வேண்டும். அதைப் பகலில் முடித்துவிட்ட ஊரில் இரவில் காவலுக்கு என்று யாரும் கரையில் தங்குவதில்லை. இதை மீனவர் ஊர்களின் பஞ்சாயத்தார் தீர்மானித்தால் ஒரே சொல்லில் நடந்துவிடும். எங்களைப் போன்றவர்கள் முதலில் அவர்களிடம் போய் அமர்ந்து பேச வேண்டும். பெண்களுக்கு வேறொரு கவலை, அதை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள்: முகாமில் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, விளக்கு இருக்கிறதா? வயதுக்கு வந்த மகளை வைத்திருக்கும் தாய் காற்றின் வேகத்தைக் கேட்பதற்கு முன் அதைத்தான் மனத்துக்குள் கேட்கிறார். இந்தப் பேச்சைக் கேட்கும் அலுவலர் எவரேனும் இருந்தால், ஐப்பசிக்கு முன்பே அந்தத் தாழ்ப்பாளைப் பார்த்துவிடுங்கள்.

வீட்டில் உள்ளவர்கள் முடிவெடுப்பதற்கு என் அனுபவத்தில் மூன்று கேள்விகள் போதும். வீட்டின் தரை, சாலை மட்டத்துக்குக் கீழே இருக்கிறதா? கூரை ஓலையா, ஆஸ்பெஸ்டாஸா, ஓடா? ஓட முடியாதவர் யாராவது இருக்கிறாரா, அதாவது முதியவர், கைக்குழந்தை, நிறைமாதக் கர்ப்பிணி? ஒன்றுக்கு ஆம் என்றாலும், கூரை கான்கிரீட்டாக இல்லை என்றாலும், வெளிச்சம் இருக்கும்போதே புறப்பட்டுவிட வேண்டும். காற்று தொடங்கிய பிறகு பறக்கும் தகரமே ஆளை வெட்டும். நிறைமாதப் பெண்களை இரண்டு நாள் முன்பே மருத்துவமனை உள்ள ஊருக்கு அனுப்பிவிடுங்கள். குடும்ப அட்டை, பட்டா, பிள்ளைகளின் சான்றிதழ்கள், பெரியவர்களின் மாத்திரைகள் ஆகியவற்றை ஒரே பாலித்தீன் பைக்குள் போட்டு வையுங்கள். பேட்டரியில் இயங்கும் வானொலிப் பெட்டி ஒன்றும் இருக்கட்டும். வானொலி நிலையத்தில் அமர்ந்துகொண்டு சொல்வதால் புகழ்ச்சி என்று எண்ண வேண்டாம்; கஜாவின்போது கைப்பேசிக் கோபுரங்கள் சாய்ந்தன, பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. ஐயம் இருந்தால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 என்ற எண்ணில் கேட்கலாம்.

புயலின் கண் நம் ஊரைக் கடந்தால், நள்ளிரவில் காற்று திடீரென்று நின்றுவிடும், சில சமயம் விண்மீன்கூடத் தெரியும். முடிந்துவிட்டது என்று வெளியே வரக் கூடாது. சிறிது நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து அதே வேகத்தில் அடிக்கும். வாடையில் தப்பிய சுவர் தெற்கத்திக் காற்றில் விழும்.

வீடு திரும்புவதைப் பற்றி விரிவாகப் பேசத்தான் குறிப்பு எழுதி வந்தேன். கண்ணாடிக்கு அப்பால் இருக்கும் நண்பர் கடிகாரத்தைக் காட்டிவிட்டார், ஆகவே சுருக்கமாகவே சொல்கிறேன். அறுந்து கிடக்கும் மின்கம்பியை மிதிக்காதீர்கள். மூட்டைக்குள்ளும் விறகுக்குள்ளும் பாம்பு ஒதுங்கியிருக்கும், கையை விடுமுன் கோலால் தட்டுங்கள். இடிந்த சுவரை அகற்றுமுன் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள், நிவாரணக் கணக்கெடுப்புக்கு வருபவர் கேட்பார். கடல்நீர் புகுந்த கிணற்றை இறைத்து, குளோரின் போட்ட பிறகே குடிக்க வேண்டும். அதுவரை முகாமிலிருந்து கொண்டுவந்த தண்ணீரையே பயன்படுத்துங்கள். நன்றி, வணக்கம்.