பணம் கொடுத்த மின்னூல் யாருக்குச் சொந்தம்?

(திரையில்: தருமபுரி புத்தகத் திருவிழாவின் ஓர் அரங்கு. மேசைமேல் ஓர் அச்சு நூல். பக்கத்தில் கைப்பேசியில் அதன் மின்னூல்.)

இந்தத் திருவிழாவில் 400 ரூபாய்க்கு விற்கும் ஒரு நூல், மின்னூலாக 280 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பார்த்த மாத்திரத்தில் மின்னூல்தான் மலிவு என்று தோன்றும். ஆனால் அச்சு நூலைப் படித்து முடித்தபின் பென்னாகரத்திலோ பாலக்கோட்டிலோ உள்ள நண்பருக்குப் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டால், உங்களுக்கு ஆன செலவு 200 ரூபாய்தான். மின்னூலை விற்க வழியில்லாததால் அந்த 280 ரூபாயும் முழுச் செலவாகவே நின்றுவிடுகிறது.

விற்றுவிட்ட பிரதியின் மறுவிற்பனை விலையைப் பதிப்பாளர் கட்டுப்படுத்த முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1908-இலேயே தீர்ப்பளித்தது. இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும், ஏற்கெனவே புழக்கத்துக்கு வந்துவிட்ட நூற்பிரதிகளைப் பதிப்புரிமையாளரின் வெளியீட்டு உரிமையிலிருந்து, அதாவது பிரதிகளை வெளியிடும் உரிமையிலிருந்து, விலக்கியே வைத்திருக்கிறது. மின்னூலில் பெரும்பாலும் நமக்குக் கிடைப்பது படிப்பதற்கான உரிமம் மட்டுமே. இதனால் பழைய புத்தகக் கடை என்னும் போட்டியாளர் சந்தையிலிருந்தே காணாமல் போகிறார். விற்பவருக்கு அச்சுச் செலவு மிச்சமாவதைவிட இதுவே பெரிய ஆதாயம் என்பது என் கணிப்பு.

விற்பவர் தரப்பிலும் ஒரு கணக்கு உண்டு. ஒரே ஒருமுறை பணம் வாங்கிய கோப்பை ஆண்டுக்கணக்கில் சர்வரில் வைத்துக் காக்க வேண்டியிருப்பதால், வணிகம் நலியும்போது பழைய வாடிக்கையாளர் வெறும் செலவினமாகிவிடுகிறார். மைக்ரோசாஃப்ட் 2019-இல் தன் மின்னூல் கடையை மூடியபோது, வாசகர்கள் வாங்கியிருந்த நூல்கள் திறக்காமல் போயின. பணம் திருப்பித் தரப்பட்டது. நூலில் குறிப்பெழுதி வைத்திருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர் வரவு வைக்கப்பட்டது. (பல மாத வாசிப்புக்கு அந்த விலையை எப்படித்தான் கணக்கிட்டார்களோ!)

(திரையில்: பணம் செலுத்தும் பக்கம், அதன் அடியில் பொடி எழுத்தில் நிபந்தனைகள்.)

கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல், தருவது உரிமம் மட்டுமே என்பதைத் தெளிவாக அறிவிக்காமல் டிஜிட்டல் பொருளை விற்பனை என்று விளம்பரப்படுத்த முடியாது. நிரந்தரமாகப் பதிவிறக்கி, இணையமின்றிப் பயன்படுத்தத் தரப்படும் கோப்புகளுக்கு அதில் விலக்கு உண்டு. பூட்டில்லாத (நகலெடுப்பதைத் தடுக்கும் மென்பொருள் இல்லாத) அத்தகைய கோப்பு, கடை மூடிய பிறகும் உங்கள் ஹார்ட் டிஸ்கிலிருந்து திறக்கும். ஆனால் அதையும் பழைய நூல்போல் கைமாற்றி விற்க முடிவதில்லை: பாட்டுக் கோப்புகளின் மறுவிற்பனைக்கென்றே தொடங்கப்பட்ட ரீடிஜி நிறுவனத்தின் வழக்கில், கோப்பை மாற்றும்போது புதிய பிரதி ஒன்று உருவாகிறது என்று கூறி, 2018-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வழியையும் அடைத்துவிட்டது.