பழி கத்தரிக்காய்மேல்

(திரையில்: மடித்த வெள்ளைப் பொட்டலம். மேலே பேனாவால் "காலை, இரவு – தேனில்".)

இதற்குள் என்ன இருக்கிறது? வெறும் சூரணமா (மூலிகைப் பொடி), பற்பம் (உலோகம், தாதுவை எரித்தெடுத்த நீறு) ஏதேனும் கலந்ததா? கொடுத்த சித்த மருத்துவருக்குத் தெரியும்; வாங்கியவருக்குத் தெரியாது. மருத்துவர் தானே இடித்து, தானே புடமிட்டு (நெருப்பில் எரித்துப் பக்குவப்படுத்தி)க் கொடுப்பது நெடுநாள் வழக்கம். கைப்பக்குவம் என்று பெருமையாகவும் சொல்கிறோம். பத்தாம் நாள் உடம்பெல்லாம் தடித்துப்போனால்தான் சங்கடம்.

நோயாளி திரும்பி வருகிறார். "கத்தரிக்காய் சாப்பிட்டீர்களா?" என்பதுதான் முதல் கேள்வி. சாப்பிட்டிருப்பார். நம் வீடுகளில் பத்து நாள் கத்தரிக்காய் இல்லாமல் சாம்பார் ஏது? பத்தியம் தவறியதாக முடிவாகிறது, மருந்து தப்பித்துவிடுகிறது. பத்தியமே வீண் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்வியோடு விசாரணை முடிந்துவிடுகிறது.

(திரையில்: பெல்ஜிய வரைபடம்.)

1990களின் தொடக்கத்தில், பிரசெல்ஸில் சில பெண்களுக்குச் சிறுநீரகம் வேகமாகச் செயலிழந்தது. எல்லோரும் உடல் மெலிய ஒரே மருத்துவமனையில் மாத்திரை வாங்கியவர்கள். இதைக் கண்டுபிடித்தவர்கள் மாத்திரை எழுதியவர்கள் அல்ல, சிறுநீரக மருத்துவர்கள். சீன மூலிகை ஒன்றுக்குப் பதிலாக அரிஸ்டோலோக்கியா இனச் செடி கலந்திருந்தது. பாதிக்கப்பட்டோர் நூறைத் தாண்டினர். நமது சித்த மூலிகையான ஆடுதீண்டாப்பாளையும் அதே இனம்தான்.

அங்கே எந்த மூலிகை என்று ஒரு பெயராவது இருந்தது. நம் பொட்டலத்தில் அதுவும் இல்லை.

இன்னொன்று. அதிமதுரத்தை அதிக நாள், அதிக அளவில் எடுத்தால் ரத்த அழுத்தம் ஏறலாம், பொட்டாசியம் குறையலாம். நீர் பிரிய ஆங்கில மருந்து சாப்பிடுபவருக்கு இது இன்னும் ஆபத்து. "வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்காமல் கொடுத்தால் இது யார் கண்ணிலும் படாது.

ஆயுஷ் (சித்தா, ஆயுர்வேதம் போன்றவை) மருந்துகளின் பக்கவிளைவுகளைப் பதிவு செய்யவென்றே மத்திய அரசின் கண்காணிப்புத் திட்டம் இருக்கிறது. தலைமை மையம் டெல்லியில், அகில இந்திய ஆயுர்வேத நிறுவனத்தில். சித்த மருந்துகளுக்குத் தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம். மருந்துதான் காரணம் என்று நிரூபித்துவிட்டுத்தான் அங்கே புகார் எழுத வேண்டும் என்பதில்லை, சந்தேகம் இருந்தாலே போதும். புகார் எழுதினால் தன் வைத்தியத்துக்கே இழுக்கு என்று மருத்துவர்கள் பலர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது, ஆனால் ஏற்க முடியவில்லை.

(திரையில்: அதே பொட்டலம். மேலே மருந்தின் பெயர், அளவு, தயாரித்த தேதி.)

மருத்துவரிடம் இந்த மூன்றையும் எழுதித் தரச் சொல்லுங்கள். தடிப்பு வந்தால், எந்த நாளில் வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். கத்தரிக்காய் சாப்பிட்டிருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.