பலகையில் இருக்கும் மூன்று சொற்கள்

கோவை வானொலி நேயர்களுக்கு வணக்கம். நாமக்கல் பக்கம் கோச்சிங் என்றால் நீட் வகுப்பு. கவுன்சிலிங் என்றால் பொறியியல் கல்லூரிச் சேர்க்கை. கன்சல்டன்சி என்றால் வேலை வாங்கித் தரும் அலுவலகம். தமிழில் சொல்லலாம் என்றாலோ, தறி எங்கே போடுவது என்று சொல்பவரும் ஆலோசகர், மனம் நொந்தவரிடம் பேசுபவரும் ஆலோசகர். எதற்கு யாரிடம் போவது என்று நம் தொழில்முனைவோர் தடுமாறுவதில் வியப்பில்லை.

சிறு தொழில்களுக்கு நிர்வாக ஆலோசனை கூறுபவன் நான். சரக்கு குறித்த நாளில் போவதில்லை என்று திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்காரர் அழைத்தார். இரண்டு நாள் நின்று பார்த்ததில், கட்டிங் முடிந்த பண்டல்கள் தையல் நடக்கும் பவர் டேபிளுக்குப் போகாமல் அவருடைய ஒப்புதலுக்காக அரை நாள் கிடப்பது தெரிந்தது. ஒப்புதலைக் கட்டிங் மாஸ்டரிடமே விட்டுவிடுமாறு எழுதிக் கொடுத்தேன். இது கன்சல்டிங், விடை என்னிடம் இருந்தது, அதற்குத்தான் கட்டணம்.

அடுத்த மாதம் அந்தத் தாள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் பத்திரமாக இருந்தது. பண்டல்களும் அதே இடத்தில் இருந்தன. "மாஸ்டர்கிட்ட எதை விடலாம், எதை விடக் கூடாதுங்க?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தேன். வெகுநேரம் கழித்து, உள்நாட்டு ஆர்டர்களை மட்டும் விடலாம் என்று அவரே சொன்னார். இது கோச்சிங், விடை அவருடையது, பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் என் வேலை, ஆலோசகனுக்கு அதைவிடக் கடினமானது வேறில்லை. தீர்ப்புச் சொல்லாமல் செவிகொடுக்கும் இந்த முறையை 1940களில் உளவியல் ஆலோசனையில் வலியுறுத்தியவர் அமெரிக்கரான கார்ல் ரோஜர்ஸ். ஆகவே கோச்சிங்கையும் கவுன்சிலிங்கையும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வேறுபாடு எளிதில் தெரியாது.

அது எனக்குத் தெரிந்தது நான் புறப்படும் நேரத்தில். அண்ணன் பங்கு பிரித்துக்கொண்டு போனதிலிருந்து தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, எதற்கு இதெல்லாம் என்று தோன்றுகிறது என்றார். பண்டல்கள் தேங்கியதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். ஆனால் அதைத் தோண்டுவது கவுன்சிலிங், அந்தத் தகுதி எனக்கில்லை. கோச் என்று பலகை மாட்ட நம் நாட்டில் உரிமம் வேண்டியதில்லை. மருத்துவ உளவியலாளரோ 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றிருக்க வேண்டும்.

"நீங்களே பேசுனா ஆகாதுங்களா?" என்றார். ஆகாதுங்க என்றேன். மத்திய அரசு 2022இல் தொடங்கிய டெலி மனஸ் என்ற தொலைபேசி மனநலச் சேவையின் 14416 என்ற எண்ணைச் சொன்னேன். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். அவர் எண்களை அழுத்தத் தொடங்கியதும், கதவைச் சாத்திவிட்டு வந்து செக்கிங் டேபிள் அருகில் நின்றுகொண்டேன்.